கலகலப்பான கப்பல் வேண்டுமா? முதலில் இரவுகளை எண்ணுங்கள்

ஐம்பதைத் தாண்டியவர்கள் க்ரூஸ் போகப்போகிறோம் என்று வாயைத் திறந்தால் போதும், பயண முகவர்கள் அமைதியான கப்பலாகப் பார்த்து எடுத்து நீட்டுகிறார்கள். நூலகம் இருக்கிறது, பியானோ இருக்கிறது, ஒன்பது மணிக்கு மேல் சத்தமே இருக்காது மேடம் என்கிறார்கள். ஒன்பது மணிக்குச் சத்தம் அடங்கிவிடும் இடம் என் வீட்டிலேயே இருக்கிறது. அதற்குக் காசு கொடுத்துக் கடலுக்குப் போவானேன்?

பாட்டு, ஆட்டம், நாலு புது முகங்கள், நள்ளிரவில் ஒரு தட்டு நூடுல்ஸ். எனக்கு விடுமுறை என்றால் இதுதான். அதற்காகக் குடித்துவிட்டு நடைபாதையில் சரிந்து கிடக்கும் கூட்டத்தோடு மாட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கப்பல் ஏறியதில் கற்றுக்கொண்டதையும், ஹூஸ்டனில் இருக்கும் என் தங்கை அங்கே போய்வந்து சொல்வதையும் சேர்த்து எழுதுகிறேன். கூட வந்தவர் என் கணவர். ஒன்பதரைக்குப் படுத்துவிடுகிற மனிதர். அவரையும் வைத்துக்கொண்டு கலகலப்பைத் தேட வேண்டியிருந்ததால்தான் இவ்வளவு யோசிக்க நேர்ந்தது.

எல்லோரும் எந்தக் கம்பெனி நல்லது என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை இரவு என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு, மூன்று, நான்கு இரவுப் பயணங்களில் ஏறுகிறவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். வெள்ளிக்கிழமை ஏறித் திங்கட்கிழமை இறங்க வேண்டியவர்கள். கொடுத்த காசுக்கு ஒரு நிமிடத்தையும் வீணாக்க மாட்டார்கள். ஏழு இரவு என்றால் பள்ளி விடுமுறையில் குடும்பங்கள், மற்ற நாட்களில் எல்லா வயதும் கலந்த கூட்டம். பத்து இரவுக்கு மேல் போனால் அத்தனை நாள் விடுப்பு யாருக்குக் கிடைக்கும்? ஓய்வு பெற்றவர்களுக்குத்தான். அதே கப்பல், அதே பாட்டுக் குழு, அதே மதுக்கூடம். இரவுகளின் எண்ணிக்கை கூடக் கூடக் கூட்டத்தின் வயதும் கூடும், ஆட்டக் களம் சீக்கிரம் காலியாகும்.

கப்பலுக்குள் கலகலப்பு எப்படி வந்தது என்பதே ஒரு கதை. 1972-இல் டெட் அரிசன் தொடங்கிய கார்னிவல் நிறுவனத்தின் முதல் கப்பல் மார்டி கிரா, முதல் பயணத்திலேயே மயாமி துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. கையில் இருந்ததோ பழைய கப்பல், எண்ணெயும் ஏகமாய்க் குடிக்கும். வேகத்தைக் குறைத்து, நேரத்தைக் கப்பலுக்குள்ளேயே கழிக்க வைக்கலாம் என்று பாட்டும் ஆட்டமும் சூதாட்டக் கூடமுமாக நிரப்பினார்கள். ‘ஃபன் ஷிப்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். எண்ணெய்ச் சிக்கனத்தில் பிறந்த கலகலப்பு என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நம் ஊர்க் கடலில் ஓடுகிற கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலும் கலகலப்புக்கென்றே பிறந்ததுதான். 1990-இல் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் கட்டப்பட்டபோதே, மயாமியிலிருந்து பஹாமாஸ் போய்வரும் மூன்று, நான்கு இரவுப் பயணங்களுக்கென்று திட்டமிடப்பட்டது அது. நடுவில் பல மாடி உயரத்துக்குத் திறந்த கூடம். எங்கே நின்றாலும் எங்கோ நடக்கிற பாட்டு காதில் விழும். 2021-இல் மும்பையிலிருந்து இந்தியக் கொடிகட்டாத குறையாக நம் ஆட்களுக்காக ஓடத் தொடங்கியது. 2022-இல் சென்னைக்கு வந்தது. 2023-இல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நின்றது. பெரிய கப்பல்களைப் பார்த்தவர்களுக்கு இது சின்னதாகத் தெரியும். ஆனால் சின்னக் கப்பலில் ஒரு வசதி உண்டு. ஏறிய அன்று மாலை பார்த்த முகத்தையே மறுநாள் காலை இட்லித் தட்டோடு பார்ப்போம். பேச்சு தானாக வளரும். ஐயாயிரம் பேர் போகிற கப்பலில் அந்தப் பழக்கம் ஏற்பட வாய்ப்பில்லை. சென்னைப் பயணங்கள் ஆண்டு முழுதும் இருப்பதில்லை என்பதால் பருவம் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

இரவுகளை எண்ணியாயிற்று என்றால் அடுத்து, எந்தச் சத்தம் உங்களுக்குப் பிடிக்கும் என்று யோசியுங்கள். குழந்தைகள் நீர்ச் சறுக்கில் விழுந்து கூவுவதும் கலகலப்புதான். சூதாட்டக் கூடத்தில் இயந்திரங்கள் மணியடிப்பதும் கலகலப்புதான். குளக்கரையில் மதியமே தொடங்கும் குடி ஒரு வகை. மேடையில் ஆள் நின்று வாசிக்கிற இசை இன்னொரு வகை. என் வயதுக்காரர்கள் பெரும்பாலும் கடைசியைத் தேடிப் போய் முதல் மூன்றில் சிக்கிக்கொள்கிறார்கள். வயதானவர்களின் கப்பல் என்று ஒதுக்கப்படும் ஹாலந்து அமெரிக்கா நிறுவனத்தின் சில கப்பல்களில் அமெரிக்க இசைக்கலைஞர் பி.பி. கிங் பெயரில் ஒரு ப்ளூஸ் இசைக் கூடம், ராக் இசைக்குத் தனிக் கூடம் என்று இரவில் நேரடி வாசிப்பு இருக்கிறது. வெர்ஜின் வாயேஜஸ் கப்பல்களில் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றுவதில்லை. குழந்தைகள் இல்லை என்றதும் அமைதி என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். அங்கே ஓர் இரவு எல்லோரும் சிவப்பு உடுத்தி ஆட வேண்டும்!

சிங்கப்பூருக்கு வருவோம். நமக்கு நாலு மணி நேர விமானம், கப்பல்களும் பெரியவை. மரினா பே முனையத்திலிருந்து ராயல் கரீபியன் கப்பல்கள் புறப்படுகின்றன. ஸ்பெக்ட்ரம், ஆந்தம், ஓவேஷன் என்று பருவத்துக்குப் பருவம் கப்பல் மாறி வந்திருக்கிறது. இந்த மூன்றும் ஏறக்குறைய ஒரே குடும்பம். கடலுக்கு 300 அடி உயரே தூக்கிக் காட்டும் கண்ணாடிக் கூண்டு, காற்றில் மிதக்கவிடும் குழாய், மோதி விளையாடும் கார்கள் எல்லாம் உண்டு. மோதல் கார் வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் என் வயதுக்காரர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பஞ்சாபி அம்மாள் என் காரை மூலையில் நெருக்கி வைத்துத் திரும்பத் திரும்ப இடித்தார். இறங்கியதும் தோளில் கைபோட்டுக்கொண்டு தேநீர் குடிக்க அழைத்துப் போனார்.

சிங்கப்பூரிலிருந்தே புறப்படும் கெண்டிங் ட்ரீம் வேறு மாதிரி. முகப்பில் கடற்கன்னியும் விண்வெளி வீரனும் காதலிப்பதாக ஓவியம் தீட்டிய கப்பல். இந்தியப் பயணிகள் ஏராளம். சைவ உணவுக்கும் ஹலால் உணவுக்கும் நல்ல ஏற்பாடு உண்டு. சூதாட்டமும் உண்டு. நம் ஆட்களோடு இந்திப் பாட்டுக்கு ஆட வேண்டும் என்றால் இதுவே போதும். பல நாட்டவரோடு கலந்து ஆட வேண்டும் என்றால் முதலில் சொன்ன ராயல் கரீபியன்.

நெரிசலைக் கணிக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. கப்பலின் மொத்த டன் என்று போடுவது எடை அல்ல, உள்ளே இருக்கும் கொள்ளளவைக் குறிக்கும் அளவு. அதை, அறைக்கு இருவர் என்ற கணக்கில் வரும் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். கெண்டிங் ட்ரீம் 1,50,695 டன், 3,352 பேர். ஆளுக்கு 45 வருகிறது. ஆந்தம் 1,68,666 டன், 4,180 பேர், 40. எண் கூடினால் ஆளுக்கு இடம் கூடுதல். விடுமுறைக் காலத்தில் ஓர் அறையில் மூன்று, நான்கு பேர் ஏறிவிடுவார்கள், அப்போது இந்தக் கணக்கு கொஞ்சம் இறங்கும்.

தேதி அதைவிட முக்கியம். சிங்கப்பூரில் மார்ச், ஜூன், செப்டம்பர் மாதங்களிலும் ஆண்டுக் கடைசியிலும் பள்ளி விடுமுறை. அதோடு சீனப் புத்தாண்டு. நம் ஊர்க் கோடை விடுமுறையில் இந்தியக் குடும்பங்கள். இவற்றைத் தவிர்த்த வாரங்களில் குழந்தைகள் குறைவு, கட்டணமும் குறைவு. நிறுவனங்கள் தங்கள் முகவர்களைக் கூட்டிவரும் பயணத்தில் மட்டும் எந்தக் கணக்கும் எடுபடாது. ஒரு முறை ஏதோ ஒரு கம்பெனியின் விற்பனையாளர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே நிற டி-ஷர்ட்டில் ஏறியிருந்தார்கள். தோசை வரிசை, ஆட்டக் களம், லிஃப்ட் எல்லாம் அவர்கள் வசம். மனைவியை வீட்டில் விட்டுவிட்டு வந்த நடுத்தர வயது ஆண்கள் ஒருவரோடு ஒருவர் பாங்க்ரா ஆடுவதைப் பார்ப்பது ஒரு காட்சிதான்; மூன்றாம் நாளும் அதையே பார்ப்பது சிரமம். இத்தகைய பெரிய குழு அந்தத் தேதியில் இருக்கிறதா என்று பயண முகவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். சில நேரம் தெரிந்து சொல்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்துப் போனது சைலன்ட் டிஸ்கோ. வாசலில் ஆளுக்கொரு ஹெட்போன் தருகிறார்கள். காதருகே ஒரு பொத்தான். அழுத்தினால் பாட்டு மாறும், ஹெட்போனின் விளக்கும் நிறம் மாறும். சிவப்பில் ஒருவகைப் பாட்டு, நீலத்தில் எண்பதுகளின் பாட்டு, பச்சையில் லத்தீன் தாளம். யார் எதைக் கேட்கிறார்கள் என்பது நிறத்தைப் பார்த்தாலே தெரியும். நீல விளக்குக்காரர்கள் எல்லோரும் மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சேர்ந்தோம். அத்தனை பேருக்கும் நரை. பச்சைக்காரர்கள் எதிர்ப்பக்கத்தில் இடுப்பை வளைத்துக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே ஆள் கட்சி மாறும். மாறியவரைப் பார்த்து இந்தப் பக்கம் கூச்சல். என் கணவர் கைகட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். ஹெட்போன் இல்லாததால் அவருக்குக் கேட்டது, கம்பளத்தில் செருப்புகள் தேயும் ஒலியும் ஐம்பது பேர் சுருதி தப்பிப் பாடுவதும் மட்டுமே. “ஏம்மா, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஏதோ ஆகிவிட்டதா?” என்றார். என் ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் மாட்டினேன். பாதி நிமிடம் அசையாமல் நின்றார். பிறகு வலது கால் மட்டும் தாளம் போட்டது.

இதில் நம் வயதுக்கு என்ன லாபம் என்றால், ஒலி நம் கையில் இருக்கிறது. குறைத்துக்கொள்ளலாம், கழற்றிவிட்டுப் பக்கத்திலிருப்பவரோடு பேசலாம், மறுநாள் காதில் ரீங்காரம் இருக்காது. உங்கள் கப்பலின் தினசரி நிகழ்ச்சித்தாளில் இது இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த நிறுவனத்தின் விளம்பரப் படத்தையும் நம்பாமல், அதே கப்பலில் முன்பு போனவர்கள் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் நிகழ்ச்சித்தாளைத் தேடிப் படியுங்கள். பகலை விட்டுவிட்டு இரவு பத்துக்கு மேல் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டு மூன்று இடங்களில் நேரடி இசை, ஒரு விளையாட்டு, ஓர் ஆட்டக் களம் என்று இருந்தால் அது உங்கள் கப்பல். ‘விருப்பம்போல் இசை’ என்று ஒரே வரி இருந்தால் யாரோ மடிக்கணினியில் பாட்டுப் போடுவார்கள் என்று அர்த்தம்.

கலகலப்பான கப்பலில் ஒதுங்க இடம் இருக்க வேண்டும். இருபது வயதில் இது தோன்றாது. இப்போது இது இல்லாமல் நான் டிக்கெட் எடுப்பதில்லை. ராயல் கரீபியனின் பல கப்பல்களில் சொலாரியம் என்று கண்ணாடிக் கூரையிட்ட பகுதி, பெரியவர்களுக்கு மட்டும். தனிக் கட்டணம் கிடையாது. கார்னிவலில் செரினிட்டி, இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அதுவும் இலவசம். என் தங்கை ஹூஸ்டனுக்கு அருகிலுள்ள கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஏறினால் மதியம் முழுவதும் அங்கேதான் படுத்திருப்பாளாம், இரவு ஆட்டத்துக்குத் தெம்பு வேண்டுமே. பிரின்சஸ் கப்பல்களில் சாங்சுவரி, நார்வீஜியனில் வைப் போன்ற இடங்களுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். டிக்கெட் விலையை ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் தூக்கமே இருக்கிறது. கப்பலின் மாடி வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, உங்கள் அறைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். மேலேயும் கீழேயும் அறைகளே இருந்தால் நிம்மதி. மேலே குளக்கரை என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே நாடக அரங்கோ ஆட்டக் கூடமோ இருந்தால் கட்டில் வழியாகத் தாளம் ஏறும். ஒரு பயணத்தில் ‘உத்தரவாத அறை’ என்று குறைந்த கட்டணத்தில் வாங்கியிருந்தோம். அறை எண்ணை அவர்களே ஒதுக்குவார்கள். ஒதுக்கிய அறையின் தரைக்குக் கீழே ஆட்டக் கூடம். நான் ஆடிவிட்டு ஒரு மணிக்கு வந்தபோது இவர் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார். “நீ எந்தப் பாட்டுக்கு ஆடினாய் என்று வரிசையாகச் சொல்லட்டுமா?” என்று கேட்டார். சில நூறு டாலர் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் நடுப்பகுதியில், கீழ் மாடியில் அறை கேளுங்கள். அங்கே கப்பலின் ஆட்டம் குறைவு. லிஃப்டுக்கு அருகில் இருந்தால் முட்டிக்கு நல்லது, நேர் எதிரே வேண்டாம்.

பால்கனி வேண்டுமா என்று கேட்கிறார்கள். சுற்றிக்கொண்டே இருப்பவருக்கு வேண்டாம். ஜன்னல் இல்லாத உள்ளறையில் மதியத் தூக்கம் அமோகமாக வரும். ஒருவர் சீக்கிரம் படுத்து, விடியலில் எழுந்து விளக்கைப் போடும் தம்பதி என்றால் வாங்கிவிடுங்கள். எழுந்தவர் வெளியே போய்க் கடலைப் பார்க்கட்டும்.

செலவில் கவனிக்க வேண்டியவை சில. பணியாளர்களுக்கான டிப்ஸ் ஆள் ஒன்றுக்கு, நாள் ஒன்றுக்கு என்று கணக்கில் ஏறும். ராயல் கரீபியனில் நாங்கள் போனபோது சாதாரண அறைக்கு 18.50 டாலர். மதுவுக்கு மொத்தமாகப் பணம் கட்டும் திட்டத்தை அறையில் ஒரு பெரியவர் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. மாலையில் ஒரு பீர் குடிக்கும் கணவரும் எலுமிச்சைச் சாறு குடிக்கும் மனைவியுமாக இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம், குடித்ததற்குக் கொடுங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் கட்டணம் கடுமையாக இருக்கும். கப்பல் பயணத்தையும் சேர்த்துக் காப்பீடு எடுத்துக்கொள்வது நம் வயதில் கட்டாயம். எலக்ட்ரிக் கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் எடுத்துப் போனால் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். பிரிக்காத பாக்கெட் முறுக்குக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் சிங்கப்பூருக்குப் பலமுறை நுழையும் விசா இருக்கிறதா என்று பாருங்கள். கப்பலில் வெளியேறித் திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. திரும்பும்போதும் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். வழியில் நிற்கும் நாடுகளின் விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கட்டணம் கட்டும் முன் பார்த்துவிடுவது நல்லது.

துறைமுக நாளில் எல்லோரும் இறங்க வேண்டும் என்று சட்டமில்லை. கூட்டம் கரையேறிய பிறகு நீர்ச் சறுக்கிலும் மோதல் காரிலும் வரிசையே இருக்காது. பினாங்குக்கு மட்டும் விதிவிலக்கு. சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து வெளியே வந்து நடந்தே லிட்டில் இந்தியா போய்விடலாம். 1833-இல் கட்டிய மகாமாரியம்மன் கோவிலில் கும்பிட்டு, வாழையிலையில் சாப்பிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டோம். புக்கெட்டில் பல நேரம் கப்பல் கடலிலேயே நிற்கும். சின்னப் படகில் மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். அலையில் படகு ஏறி இறங்கும்போது கால் எடுத்து வைப்பது முட்டிவலிக்காரர்களுக்குப் பாடு. இவர் வரவில்லை என்று சொல்லி, காலியான சொலாரியத்தில் நாள் முழுதும் தூங்கினார்.

கடைசி இரவு பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. பெட்டிகளை இரவு பதினொரு மணிக்குள் அறை வாசலில் வைத்துவிட வேண்டும். அவற்றை எடுத்துப் போய் மறுநாள் கரையில் கொடுப்பார்கள். ஆட்டம் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். பாதியில் விட்டு ஓடி, கையில் கிடைத்ததையெல்லாம் பெட்டியில் திணித்து வெளியே தள்ளிவிட்டுத் திரும்பி வருபவர்கள் பலர். காலையில் ஒருவர் கப்பலின் வெள்ளைக் குளியல் அங்கியோடு வரவேற்பு மேசை முன் நின்று, தன் கால்சட்டை எந்தப் பெட்டியில் போயிற்று என்று விளக்கிக்கொண்டிருந்தார். கடைசி நாள் மாலை, சாப்பாட்டுக்குப் போகும் முன்பே பெட்டியைக் கட்டி வெளியே வைத்துவிடுங்கள். மறுநாள் உடுத்த ஒரு செட் துணி, செருப்பு, பாஸ்போர்ட், ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பிறகு விளக்கு போடும் வரை ஆடலாம்.